குறைந்த மைலும் கூடிய விலையும்: மலையகத்துப் பழைய கார்கள்

பழைய கார் தேடி மஸ்கெலியாப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எத்தனை மைல் ஓடியிருக்கு?" வெள்ளைக்காரத் துரை ஒருவர் பாவித்து, பங்களாக் கராஜுக்குள்ளேயே வயதாகிப்போன மொரிஸ் மைனரோ ஒஸ்டினோ இந்த மலைகளுக்குள் எங்காவது ஒளிந்திருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. அந்த நம்பிக்கை முழுக்கப் பொய்யுமல்ல. எங்கள் கடைவீதியில் கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவர் அப்படிப்பட்ட கார்களை வாங்கி உயிர்கொடுத்து விற்கிறார். கார் சாமான் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பழைய பதிவுப் புத்தகங்களில் மங்கிப்போன எழுத்தை வாசித்துச் சொல்வதற்குத்தான் அவர் என்னைக் கூப்பிடுவார். "சேர், இதுல என்ன போட்டிரிக்கிண்டு கொஞ்சம் பாருங்களே" என்பார். அப்படி வாசிக்கப் போய்த்தான் ஒரு காரின் விலையும் அதன் வரலாறும் எதிரெதிர்த் திசையில் போவதைக் கண்டேன்.

ஒரு பழைய கார் நம் நாட்டில் இத்தனை காலம் பிழைத்திருப்பதற்கு ஆசை மாத்திரம் காரணமல்ல. 1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி வந்தபோது கார் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு விழுந்தது. அன்றைக்கு நாட்டுக்குள் இருந்த கார்தான் அதன் பிறகு பதினைந்து வருடங்களுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பானிய வாகனங்கள் வந்து குவியும்வரை, ஒரு மைனர் உடைந்தால் இன்னொரு மைனர் வாங்க முடியாது. உடைந்ததைத்தான் திருத்த வேண்டும். நம் நாட்டு பாஸ்மார் தகரத்தை அடித்து மட்கார்ட் செய்யவும், ஒரு காரின் சாமானை இன்னொன்றுக்குப் பொருத்தவும் கற்றது இந்த நெருக்கடியில்தான். கொழும்புப் பஞ்சிகாவத்தை பழைய சாமான்களுக்குப் பேர்போன இடமாக நிலைத்ததையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கைப்பழக்கத்துக்கு மதிப்பும் கிடைத்தது. இங்கிலாந்தில் பாத் நகரில் மொரிஸ் மைனருக்கென்றே நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், 1990களின் தொடக்கத்தில் அந்தக் காருக்கான தகரப் பகுதிகளைச் செய்விக்க இலங்கையைத் தெரிவுசெய்தார். இங்கிலாந்துக் காருக்கு இலங்கையில் செய்த மட்கார்ட்! வரலாறு சில வேளை இப்படியும் சிரிக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் கராஜ் மூலைகளில் கிடந்த பழைய தகரத்துக்கெல்லாம் விலை வந்தது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று, கியூஆர் கோட்டைக் காட்டி அளந்து பெற்றோல் வாங்கிய அதே சனம்தான் அறுபது வருடத்துக் காருக்கும் இலட்சக்கணக்கில் விலை பேசியது.

மைனரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906இல் உதுமானியப் பேரரசின் இஸ்மிர் துறைமுக நகரில் பிறந்தவர். 1922இல் அந்நகரம் போரில் எரிந்த நாட்களில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர். அவருடைய காரின் முதல் உருவத்தைப் பார்த்த கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபு அதை அவித்த முட்டைக்கு ஒப்பிட்டுக் கேலி செய்ததாகச் சொல்வார்கள். 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, 1960 முடியும் தறுவாயில் பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். இந்தியாவில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் ஓடியதும் இந்த மைனரே. அம்பாசடர் அதன் பெரியண்ணனான மொரிஸ் ஒக்ஸ்போர்டின் வழிவந்தது. மைனர் மலைப்பாதையில் வளைவுகளை இறுகப் பிடித்துக்கொண்டு போகும், சாமான்கள் எளிமையானவை, கிராமத்துப் பாஸ் ஒருவர் இரண்டு ஸ்பானரோடு பாதிக் காரைக் கழற்றிவிடலாம்.

துரைமார் கார்களில் மைல் குறைவாக இருந்ததற்குக் காரணம் லேசானது. தோட்டத்துக்குள் மலை பார்க்கப் போக மோட்டார் சைக்கிளோ ஜீப்போ இருந்தது. காரை எடுப்பது ஹட்டன் வங்கிக்கு, டிக்கோயாவில் டாரவெல க்ளப்புக்கு, வருடத்தில் சில தடவை கொழும்புக்கு. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோது கடைசித் துரைமாரும் புறப்பட்டார்கள். அதற்கு முன்பும் பின்பும் அந்தக் கார்கள் பெரிய கிளாக்கர், டீமேக்கர், டவுன் முதலாளி என்று கைமாறின. குறைந்த மைல் என்பது காரின் நற்குணம் அல்ல, வைத்திருந்தவரின் அந்தஸ்து. ஆயிரக்கணக்கானோர் கூடையைச் சுமந்து நடந்த மலையில், ஒருவரின் கார் நடக்காமல் நின்றது என்பதே அதன் பொருள்.

இனி மீற்றருக்கு வருவோம். மைனரின் மைல் மீற்றரில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூச்சியம். ஆகவே 38,000 என்று காட்டும் கார் 38,000 ஓடியதா, 1,38,000 ஓடியதா என்று மீற்றரிடம் கேட்டுப் பயனில்லை. நானா மீற்றரைப் பார்க்கவே மாட்டார். பிரேக் பெடல் ரப்பர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, சாரதிக் கதவைத் தூக்கிப் பிடித்தால் கீல் ஆடுகிறதா, ஸ்டியரிங் வளையத்தில் கை வைக்கும் இடம் வழுவழுத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கீழே படுத்துவிடுவார். முன்சில்லைத் தாங்கும் ட்ரனியன் என்ற திருகு மூட்டுத்தான் மைனரின் உயிர்நிலை. கிரீஸ் காணாமல் அது தேய்ந்தால் ஒருநாள் சில்லு உள்ளே மடிந்து கார் முழங்காலில் விழும். அடித்தட்டும் பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடமும் துருவேறியிருந்தால் எத்தனை மைல் குறைவாயிருந்தும் என்ன?

ஓடாமல் நின்ற கார் நல்ல கார் என்பது பாதிதான் உண்மை. எங்கள் ஊர் மழையும் மிஸ்ட்டும் நிற்கிற காரைத்தான் முதலில் தின்னும். பெற்றோல் தாங்கிக்குள் துரு, பிரேக் சிலிண்டருக்குள் இறுகிய பிஸ்டன், வெடித்த ரப்பர் குழாய் என்று ஒவ்வொன்றாய் வரும். அப்படி வருடக்கணக்கில் நின்ற எஞ்சினை நானா உடனே ஸ்டார்ட் பண்ண விடமாட்டார். ப்ளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, முன்னால் கம்பியைக் கொடுத்து மெல்லக் கையால் சுற்றுவார். "தூங்கின புள்ளய எழுப்புற மாதிரி எழுப்பணும் சேர்." பிறகு தாங்கியைக் கழுவி, பிரேக் ரப்பர்களை மாற்றி, புதுப் பெட்டரி வைப்பார். பழைய மைனருக்குப் பெட்டரியின் பொசிட்டிவ் பக்கம்தான் உடலோடு சேரும். தெரியாத பையன்கள் மாறிப் பூட்டிவிடுவார்கள். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் 'டிக் டிக் டிக்' என்று தட்டி நின்றால் பாதி வேலை முடிந்தது. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நாட்டைவிட்டுப் போனதால், எஞ்சின் தலையைக் கழற்றும்போது வால்வு உட்காரும் வளையங்களையும் கடினமானவையாக மாற்றுவது நல்லது.

இந்த வேலைகளில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அதற்குப் பிறகுதான். கார் புதிதுபோல ஆனதும் வாங்குகிறவர் பழையதையெல்லாம் துடைத்தெறியச் சொல்கிறார். முதலில் போவது இலக்கத் தகடு.

இலக்கத் தகடு சாதாரணத் தகரமல்ல. 1950களின் நடுப்பகுதிவரை பதிவான கார்களில் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1957இல் அவற்றின் இடத்தில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தோடு அடங்கிய எதிர்ப்பு, 1958 மார்ச்சில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் புது பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்குப் போனபோது மறுபடி கிளம்பியது. தார் பூசும் போராட்டம் மலையகத்துக்கும் வந்தது. எங்கள் அயலூரான பொகவந்தலாவையில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். அந்த மே மாதத்தில் நாடு பற்றியெரிந்தது எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு '1 ஸ்ரீ' என்று தொடங்கும் தகட்டைச் சேகரிப்பவர் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார். அந்த எழுத்துக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்று கேட்பதில்லை. தகட்டைப் பளபளப்பாக்கிப் புது எழுத்து எழுதுவதைவிட, கீறலோடு அப்படியே விடுவது அந்த இருவருக்கும் நாம் செய்யும் சிறு மரியாதை.

ஓடிய கார்களுக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது. மலையைவிட்டுச் சற்று வடக்கே போய்ப் பார்த்தால் இது விளங்கும். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. ஏ-40களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்த சொட்டுப் பெற்றோலைக் காபரேட்டருக்குக் கொடுத்து எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதே 1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் மக்கள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டார்கள். கடையையும் வீட்டையும் மட்டுமல்ல, முற்றத்தில் நின்ற வாகனங்களையும் விட்டுவிட்டே புத்தளம் பக்கம் வந்து சேர்ந்தார்கள். ஒரு வாகனத்தின் பதிவுப் புத்தகத்தைச் சும்மா ஒரு தாள் என்று நினைக்கிறவர், எல்லாம் போனபின் தாள் மட்டும் சாட்சியாக மிஞ்சியவர்களிடம் ஒருமுறை பேசிப்பார்க்க வேண்டும்.

இப்போது அந்த 38,000 மைல் காருக்கு வருகிறேன். அது சாம்பல் நிற மைனர் 1000. பதிவுப் புத்தகத்தில் முதல் பெயர் ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது, இரண்டாவது ஒரு பெரிய கிளாக்கருடையது, மூன்றாவது எங்கள் டவுனில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியுடையது. மூன்றாமவர் மௌத்தாகிப் பல வருடம். விற்பது அவருடைய மகன். வீட்டுக் கூரை மாற்றக் காசு வேண்டும். துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, மீற்றர் குறைவாகக் காட்டுகிறது. விலை ஏறத்தான் செய்யும். டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே ஒரு சி.ஆர். கொப்பி கிடந்தது. அதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அது ஹயர்க் கொப்பி. 1968 முதல் 1974 வரை கார் யாரை எங்கே ஏற்றிப்போனது, எத்தனை மைல், எவ்வளவு காசு என்று முதலாளி பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். 'டிக்கோயா ஆஸ்பத்திரி, புள்ளப்பெறு, இரவு.' 'நல்லதண்ணி, மலைக்கு, 5 பேர்.' நாம் பாவா ஆதம் மலை என்றும் மற்றவர்கள் சிவனொளிபாதம், ஸ்ரீபாத என்றும் சொல்லும் அதே மலைதான்; டிசம்பர் முதல் மே வரை பருவகாலத்தில் பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. முதல் வருடத்தில் 'பழைய டவுன்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. 'பழைய டவுன் – புது டவுன், பெட்டி சட்டி.' 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டி முடிந்து, பள்ளிவாசலும் கோயிலும் பன்சலையுமாக ஊரே தண்ணீருக்குள் போனபின் அந்தச் சொல் கொப்பியிலும் இல்லை. கடும் வரட்சியில் நீர் வற்றினால் அந்தக் கட்டடங்கள் இன்றும் தலைகாட்டும்.

பிறகு ஒரே பெயர் மறுபடி மறுபடி வருகிறது: ஹட்டன் ஸ்டேஷன். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுக்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கவும் முடிவானது. ஆட்களைக் கேட்காமலே ஆட்களைப் பிரித்த கணக்கு. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று சனம் அதற்குப் பெயர் வைத்தது. கொப்பியில் ஒப்பாரி இல்லை, தோட்டப் பெயரும் ஆள் தொகையும்தான் உண்டு. சில வரிகளில் காசு எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது.

அந்த ஆறு வருடக் கணக்கை ஒரு இரவு உட்கார்ந்து கூட்டினேன். 60,000 மைலுக்கு மேல் வந்தது. அப்படியென்றால் 38,000 என்பது 1,38,000. நானாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இந்தக் கொப்பி இரிக்கிறது தெரிஞ்சா காரு விலைபோகாதே சேர்" என்றார். தரகராக வந்தவர் கொப்பியை அடுப்பில் போடச் சொன்னார். முதலாளியின் மகன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, வாங்க வந்தவர் முன்னாலேயே கொப்பியை எடுத்து வைத்தார். "வாப்பா கைப்பட எழுதினது. பொய் சொல்லி விக்க ஏலா" என்றார். கேட்ட விலையில் கால்வாசிக்கு மேல் குறைந்தது. கூரை பாதிதான் மாற்றினார்கள்.

கார் நீர்கொழும்புக்குப் போய்விட்டது. புது உடைமைக்காரர் கொப்பியை வேண்டாம் என்றதால் அது என்னிடம் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருவதால் பாடசாலை விட்டு வந்து தினம் இரண்டு பக்கம் பெயர்த்து எழுதுகிறேன். நேற்று எழுதியது 1972 பக்கங்கள்: 'ஹட்டன் ஸ்டேஷன். பெரியவங்க 4, புள்ள 3, றங்குப்பெட்டி 2, கோழிக்கூடு 1. கூடு திரும்பி வந்திச்சு.'