72 மணி நேரம்

மக்களே, முழங்காலுக்குக் கீழே காலோட முன்பக்கத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்க. தோல், அதுக்கடியில நேரா எலும்பு. நடுவுல சதையே கிடையாது. விபத்துல அந்தத் தோல் பிய்ஞ்சு போனா எலும்பு வெளிய வந்துடும். தொடையில இருந்து தோலைச் சீவி ஒட்டினா, மேலுறை உரிஞ்ச எலும்புல பிடிக்காது. ரத்த ஓட்டத்தோட தோலையோ சதையையோ கொண்டுவந்துதான் மூடணும். இதுக்குப் பேர் ஃபிளாப்.

1854-ல அமெரிக்க டாக்டர் ஃபிராங்க் ஹாமில்டன் நல்ல காலோட தோலை ஒரு ஓரம் ஒட்டியபடியே விட்டு அறுத்து, அடிபட்ட காலில் தைத்தார். இந்த முறையில தோல் பிடிக்கிற வரைக்கும் வாரக்கணக்கில் ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் படுத்தே கிடக்கணும். நினைச்சாலே எனக்கு முதுகு வலிக்குது :-(

1960களில் ரால்ஃப் கெர் காலிலேயே இருக்கிற சதையைத் திருப்பி மூடினார். ஆனா கணுக்கால் பக்கம் அந்தச் சதை சரியா எட்டாது. 1973-ல ஆஸ்திரேலியாவில் டேனியலும் டெய்லரும் தொடை இடுக்குத் தோலை ரத்தக்குழாயோடு வெட்டியெடுத்து, மைக்ராஸ்கோப் வச்சுக் காலின் ரத்தக்குழாயோடு இணைச்சாங்க. ஆக, "எப்படி"ங்கிற கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. பாக்கி "எப்போ?"

காயம் கொஞ்சம் தேறட்டும்னு காத்திருப்பதுதான் அன்றைய வழக்கம். அதைக் கணக்கு போட்டு உடைச்சவர் யுகோஸ்லாவியாவின் லூப்லியானா நகரத்து மார்கோ கோடினா. 532 நோயாளிகளை மூணாப் பிரிச்சார். 72 மணி நேரத்துக்குள் மூடினதில் ஃபிளாப் தோல்வி 0.75%. அதுக்கப்புறம் மூணு மாசம் வரைக்கும் 12%. அதையும் தாண்டினா 9.5%. சீழ் பிடித்தது வரிசையா 1.5, 17.5, 6 சதவீதம். பொட்டி தட்டுற எனக்கே புரியுற டேட்டா!

செத்த திசுவை ஒண்ணுவிடாம வெட்டியெறிஞ்சுட்டு, உடனே மூடினதுதான் அவரோட ரகசியம். 1986-ல இந்தக் கட்டுரை வெளிவந்தப்போ அவர் உயிரோட இல்லை. அதே வருஷம் கார் விபத்தில் போய்ட்டார். விபத்தில் சிதைஞ்ச கால்களைக் காப்பாத்தினவருக்கு இப்படி ஒரு முடிவு.

72 மணி ஒண்ணும் லட்சுமண ரேகை இல்லைன்னு பிறகு வந்த ஆய்வுகள் சொல்லுது. சுத்தமா வெட்டு, சீக்கிரம் மூடு என்ற அவர் பாடம் மட்டும் அப்படியே நிக்குது. அதனால, யாருக்காவது இப்படி அடிபட்டா, எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளே சேர்ந்து பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. எலும்பைச் சரி பண்ணிட்டுத் தோலை அப்புறம் பார்க்கலாம்னு நாள் கடத்தினா, காலே போயிடலாம்.