முந்திரிகைக் கொடிகளின் நடுவே

பிரான்சின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலோரமாகப் பரந்து கிடக்கும் லாங்கடொக் நாடு உலகின் மிகப் பெரிய வைன் பிரதேசங்களுள் ஒன்று. உல்லாசப் பயணிகளுக்கென அச்சிடப்படும் கைந்நூல்கள் அதன் வெயிலையும் பழங்கோட்டைகளையும் முந்திரிகைக் கொடிகளின் பசுமையையும் வியந்து பேசுகின்றன. அவ்வியப்பிலே பொய்யில்லை. ஆயினும், திராட்சை என்றும் முந்திரிகை என்றும் நாம் வழங்கும் அக்கொடி அந்நிலமெங்கும் படர்ந்தமை இயற்கையின் கொடை மாத்திரமன்று. உழைப்பும் கடனும் கலகமும் சேர்ந்தே அந்நிலத்தை ஆக்கின. விரைந்தோடும் மோட்டார் வண்டியின் கண்ணாடிக்கூடாக இதனைக் காணவியலாது. எனவே துவிச்சக்கரவண்டியிலும், வண்டி செல்லாத இடங்களிற் கால்நடையாகவும் அந்நாட்டைப் பார்க்கத் துணிந்தோம்.

பெசியே நகரிலிருந்து மேற்கே செல்லும் தென் கால்வாயின் கரையே எமது வழி. முன்னாளிற் படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற பாதை அது. 1666 இல் தொடங்கி 1681 இல் திறக்கப்பட்ட இக்கால்வாய், துலூஸ் நகரைக் கடலோரக் காயலுடன் இணைக்க ஏறத்தாழ 240 கிலோமீற்றர் ஓடுகின்றது. இதனை அமைத்த பியர் போல் ரிக்கேயின் பெயரை ஒவ்வோர் ஊரும் கூறும். வேலை உச்சநிலையிலிருந்தபோது மண் வெட்டியும் சுமந்தும் உழைத்த ஏறத்தாழ 12,000 ஆண்களையும் பெண்களையும் கூறுவார் குறைவு. கரையோரத்துப் பிளேன் மரங்களின் நிழல் இந்நாளில் இடையிடையே அறுபடுகின்றது. 2006 இற் கண்டறியப்பட்ட பூஞ்சண நோயினால் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன.

மல்பாஸ் என்னுமிடத்தில் வண்டியை நிறுத்தி, என்செரூன் குன்றின்மீது ஏறினோம். கீழே 1247 ஆம் ஆண்டளவில் நீர் வடித்து வயலாக்கப்பட்ட மொந்தாடி ஏரி, வட்டமான சக்கரத்தின் ஆரைகளைப் போல விரிந்து கிடந்தது. அதற்கப்பால் அடிவானம்வரை முந்திரிகை. குன்றிலிருந்து காண்போர்க்கு அது பச்சைக் கம்பளம். இறங்கி வரிசைகளுக்கிடையே நடந்தபோதுதான் வேறோருண்மை புலனாயிற்று. பழைய தோட்டங்களிற் கொடி பந்தலேறுவதில்லை. குட்டைச் செடியாக முழங்காலளவில் நிற்கின்றது. மாரியிற் கிளை தறிப்பவரும் அறுவடையிற் குலை கொய்பவரும் நாள் முழுவதும் முதுகை வளைத்தே நிற்றல் வேண்டும். வைனின் வரலாறு இந்த வளைந்த முதுகிலிருந்தே தொடங்குகின்றது.

ஆதியில் இச்சமவெளியிற் கோதுமையும் விளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புகையிரதப் பாதை வந்ததும், வடக்கின் தொழிலாளர் குடிக்கும் மலிவான வைனைப் பாரிசுக்கு அனுப்புதல் எளிதாயிற்று. கோதுமை பின்வாங்க, முந்திரிகை முன்னேறியது. அவ்வேளையிலே, 1860 களில், அமெரிக்கக் கொடிகளுடன் வந்த பைலொக்செரா என்னும் நுண்ணிய பூச்சி வேர்களை உறிஞ்சத் தொடங்கியது. தோட்டங்கள் வரிசை வரிசையாக மடிந்தன. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேரிலே பிரெஞ்சுக் கொடியை ஒட்டுதலே ஈற்றில் மருந்தாயிற்று. ஆனால் தோட்டம் முழுவதையும் பிடுங்கி மீண்டும் நடுவதற்குப் பணம் வேண்டும். பணமுள்ளவர் நட்டனர், இல்லாதவர் கடன்பட்டு நட்டனர், அதற்கும் இயலாதவர் நிலத்தை இழந்து கூலிகளாயினர். ஆக, பூச்சி கொடியை மாத்திரமன்றிச் சிறு கமக்காரனையும் அரித்தது எனலாம்.

மீண்டும் நட்ட தோட்டங்கள் முன்னிலும் மிகுதியாக விளைந்தன. 1900 இல் பிரான்சின் வைன் விளைச்சல் ஏறத்தாழ 67 மில்லியன் எக்டோலீற்றர். விலை சரிந்தது. இதற்கிடையிற் பூச்சிக் காலத்துப் பஞ்சத்தைப் பயன்படுத்தி வணிகர் பழகிக்கொண்ட வித்தைகள் மறையவில்லை. சீனியும் தண்ணீரும் சேர்த்த மது சந்தையில் நிறைந்தது. சீனி வடக்கின் பெரிய ஆலைக்காரரின் பண்டம். மேலும், அல்ஜீரியாவில் அந்நாட்டு மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலங்களிற் குடியேற்றக்காரர் விளைவித்த வைனும் கப்பலேறி வந்தது. குடியேற்ற ஆட்சியின் இலாபம், தாய்நாட்டுக் கமக்காரனின் வாயிலும் மண்ணைப் போட்டமை மனங்கொள்ளத்தக்கது.

விலை வீழ்ந்தபோது முதலில் அடிபட்டது கூலி. 1903 இன் இறுதியிலும் 1904 இலும் ஏரோ, ஓத் மாகாணங்களின் தோட்டத் தொழிலாளர் கிராமம் கிராமமாக வேலைநிறுத்தம் செய்தனர். அதே வரிசையில் நின்று உழைத்த பெண்ணுக்கு ஆணின் கூலியில் ஏறத்தாழப் பாதியே கிடைத்த காலம் அது. இப்போராட்டத்தை நினைவிற் கொண்டாலன்றி, மூன்றாண்டுகளின் பின் நிகழ்ந்த பெருங்கலகத்தின் வலிமையையும் குறையையும் ஒருங்கே விளங்கிக்கொள்ள முடியாது.

கால்வாய்க் கரையிலேயே மேலும் சென்றால் ஆர்ஜெலியே என்னும் சிற்றூர் வரும். 1907 மார்ச் 11 ஆம் திகதி இவ்வூரைச் சேர்ந்த 87 பேர், பாராளுமன்ற விசாரணைக் குழுவினரிடம் முறையிட நார்போனுக்குப் புறப்பட்டனர். அவர்களை அழைத்துச் சென்றவர் மார்செலின் அல்பேர். கோப்பிக் கடை நடத்திய ஒரு சிறு முந்திரிகைக் கமக்காரர். 87 பேரில் தொடங்கியது ஞாயிறுதோறும் பெருகிற்று. மே 5 இல் நார்போன், 12 இல் பெசியே, 19 இல் பெர்பினியான், 26 இல் கார்க்கசோன், யூன் 2 இல் நீம் எனக் கூட்டங்கள் நகர்ந்தன. யூன் 9 இல் மொன்பெலியேயிற் கூடியோர் அரை மில்லியனுக்கும் மேற்பட்டவரென மதிப்பிடப்பட்டது. நார்போனின் நகரபிதாவும் சமதர்மவாதியுமான வைத்தியர் ஏர்னெஸ்ட் ஃபெரூல், வரி செலுத்த மறுக்கவும் நகரசபைகள் பதவி துறக்கவும் அறைகூவினார். நூற்றுக்கணக்கான சபைகள் அவ்வாறே செய்தன.

பிரதமர் கிளெமென்சோவின் விடை படை அனுப்புதலாகவே இருந்தது. யூன் 19 ஆம் திகதி வைகறையில் ஃபெரூல் கைதானார். அன்றும் மறுநாளும் நார்போனிற் சிப்பாய்கள் சுட்டதில் அறுவர் மாண்டனர். இளம்பெண்ணொருத்தியும் அவர்களுள் ஒருத்தி. இன்று கோப்பிக் கடை மேசைகள் நிறைந்திருக்கும் நகரமண்டபச் சதுக்கத்தில் வண்டியைச் சாத்திவிட்டுச் சிறிது நேரம் பேசாது நின்றோம்.

ஆக்டிலிருந்து பெசியே வரையுள்ள ஏறத்தாழ 20 கிலோமீற்றரைக் கால்நடையாகவே கடந்தோம். அதற்குக் காரணமுண்டு. 17 ஆம் காலாட்படையினர் பெரும்பாலும் பெசியேப் பகுதிக் கமக்காரரின் மைந்தர். மக்களுடன் அவர்கள் உறவாடுவரென அஞ்சிய அரசு, படையை ஆக்டுக்கு மாற்றியிருந்தது. நார்போனிற் சுட்ட செய்தி கேட்டதும், யூன் 20 ஆம் திகதி இரவு ஏறத்தாழ 500 சிப்பாய்கள் துவக்குகளுடன் ஊர் திரும்ப நடந்தனர். பெசியேயின் நடுவீதியில், ரிக்கேயின் சிலை நிற்கும் மரநிழலில் அமர்ந்தனர். துவக்கின் அடிப்பாகத்தை மேலே தூக்கிப் பிடித்து, மக்கள்மீது சுடமாட்டோமெனக் காட்டினர். ஊரார் உணவும் வைனும் கொண்டுவந்தனர். தனித்தனியே தண்டிக்கப்படார் என்ற உறுதியின்பேரில் அவர்கள் பணிந்தனர். பின்னர் துனீசியாவின் கப்சாவுக்கு அனுப்பப்பட்டனர். பகலில், பொதியின்றி நடந்த எமக்கே கால் நொந்தது. இரவில், நாளை தமக்கு என்ன நேருமென அறியாது நடந்த அவ்விளைஞரின் துணிவை அவ்வழியே எமக்கு உணர்த்திற்று.

கலகம் தந்த பலன் யாது? 1907 யூன் 29 ஆம் திகதிச் சட்டம் விளைச்சலை அறிவித்தலைக் கட்டாயமாக்கியது. வைனிற் சேர்க்கும் சீனிமீது மேலதிக வரி விதித்தது. போலி வைன் ஒடுங்கத் தொடங்கியது. அது வெற்றியே. மார்செலின் அல்பேரின் கதை வேறு. அவர் பாரிசு சென்று கிளெமென்சோவைச் சந்தித்தார். திரும்புவதற்கென அமைச்சர் கொடுத்த 100 பிராங்கை வாங்கினார். அச்செய்தி பத்திரிகைகளிற் பரவ, நேற்றுவரை அவரைத் தோளிற் சுமந்தவர்கள் துரோகியென்றனர். வறுமையிலேயே அவர் 1921 இல் இறந்தார். தனிமனிதனின் வெகுளித்தனத்தை மாத்திரம் பழித்துப் பயனில்லை. ஓரியக்கம் ஒருவரை மீட்பராகக் கொள்ளுமாயின், அவரின் ஒரு தவறே இயக்கத்தின் தவறாகிவிடுகின்றது.

இதனிலும் ஆழமான குறை வேறொன்று. அக்கூட்டங்களிற் பெருநிலக்காரரும் கூலியாளும், முடியாட்சிவாதியும் சமதர்மவாதியும் ஒரே கொடியின்கீழ் நின்றனர். ‘தெற்கின் துயர்’ ஒன்றே எனப் பேசப்பட்டது. ஆனால், வைனின் விலை உயர்ந்தால் உயர்வது யாருடைய வாழ்வு என்ற வினா அங்கே எழவில்லை. 1904 இல் எதிரெதிரே நின்றவர் 1907 இல் அருகருகே நின்றனர். விலைக்குச் சட்டம் வந்தது, கூலிக்கு வரவில்லை.

அவ்வினாவுக்கு ஒருபகுதி விடையை பெசியேக்கு அருகிலுள்ள மாரோசானிற் கண்டோம். 1901 இல் இவ்வூர்ச் சிறு கமக்காரர், வணிகரின் பிடியிலிருந்து விடுபடச் சங்கமமைத்தனர். 1905 இல் பொதுவான வைன் கூடத்தைக் கட்டினர். பாரிசுத் தொழிலாளரின் நுகர்ச்சிக் கூட்டுறவுகளுக்குத் தம் வைனை நேரே விற்றனர். விளைவிப்பவனும் குடிப்பவனும் இடைத்தரகரின்றிக் கைகோத்த அக்காட்சியை 1905 இல் ஜான் ஜோரெஸ் வந்து கண்டு பாராட்டினார். பிற்காலத்தில் லாங்கடொக்கின் கிராமந்தோறும் எழுந்த கூட்டுறவுக் கூடங்களுக்கு இஃது ஒரு முன்னோடி.

அக்கட்டிடத்தின் முன் எமது வண்டிகள் நின்றபோது மாலை வெயில் கொடிகளின்மீது சாய்ந்துகொண்டிருந்தது. பல தோட்டங்கள் பிடுங்கப்பட்டுத் தரிசாகக் கிடக்கின்றன. பல இடங்களில் இயந்திரமே குலை கொய்கின்றது. எனினும் 1907 இல் கேட்கப்படாத வினா அம்மண்ணிலிருந்து அகலவில்லை. வைனின் விலையைக் கேட்போர் பலர். அதனை விளைவித்த முதுகின் விலையைக் கேட்கும்போதே அந்நிலத்தின் வரலாறு முழுமை பெறும்.