மனுகாயாக் கல்வெட்டும் ஆயிரமாண்டு நினைவும்: பகெரிசான் பள்ளத்தாக்கு பற்றி ஒரு மறுவாசிப்பு

பாலித் தீவின் கியான்யார் மாவட்டத்தில், பகெரிசான் ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கும் தீர்த்த எம்புல் ஊற்றைப் பற்றி எழுதுவோர் ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவதில்லை. அருகிலுள்ள மனுகாயா ஊரார் தங்கள் பூரா சகெனான் கோயிலில் எழுத்துப் பொறித்த கல் ஒன்றைக் காத்து வந்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் எவருக்கும் தெரியாது. ஆயினும் ஆண்டுதோறும் நான்காம் மாதத்து நிறைமதியன்று அதை ஊற்றுக்குச் சுமந்து சென்று நீராட்டினார்கள். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் அறிஞர்கள் கல்லைப் படித்தபோது, சந்திரபயசிங்க வர்மதேவன் என்னும் அரசனுக்கும் இந்தத் தீர்த்தத்துக்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. கல் குறிக்கும் நாள் கார்த்திக மாத நிறைமதி என்றும் படிக்கப்பட்டது. கார்த்திகம் பாலியில் நான்காம் மாதம். ஆகவே, எழுத்தை மறந்த மக்கள் நாளை மறக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக ஒரு நினைவு அறுபடாமல் வந்திருக்கிறது என்று முடிவு கட்டப்பட்டது. அந்த முடிவு அதன்பின் நூலுக்கு நூல் தாவி, இன்று பயணக் கையேடுகள்வரை வந்து சேர்ந்துவிட்டது.

கல் உண்டு, சடங்கு உண்டு, இரண்டும் ஒரே மாதத்தைச் சுட்டுகின்றன என்பதும் உண்மை. இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. இவற்றிலிருந்து அறுபடாத நினைவு என்னும் முடிவுக்குத் தாவுவதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்த ஒரு தாவலால், பள்ளத்தாக்கில் உண்மையிலேயே தொடர்ந்து வந்த ஒன்று ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்பதே என் வருத்தம்.

முதலில் கல்லையே எடுத்துக்கொள்வோம். அது தேய்ந்த கல். ஆண்டைச் சிலர் சக 882 என்றும் சிலர் 884 என்றும் படிக்கிறார்கள். அதற்கேற்பப் பொது ஆண்டு 960 அல்லது 962 ஆகிறது. ஒரு வாசிப்பின் சக ஆண்டை எடுத்து மற்ற வாசிப்பின் பொது ஆண்டோடு சேர்த்து எழுதும் பிழையும் இரண்டாம்நிலை நூல்களில் காணக் கிடைக்கிறது. இரண்டு ஆண்டு வேறுபாடு அரச வரிசையைப் பெரிதாகக் குலைத்துவிடாது என்பது சரி. ஆனால் ஆண்டெண்ணில் இவ்வளவு தயங்கும் ஒரு சான்றின் மேல், ஒரு நாளின் துல்லியத்தை மட்டும் வைத்து இத்தனை பெரிய முடிவை ஏற்றியிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. மாதப் பெயர் ஐயத்துக்கு இடமில்லாதது என்றே கொண்டு மேலே செல்கிறேன்.

பொருத்தம் வியப்பூட்டுவது ஏன்? ஆண்டின் 365 நாள்களில் சடங்கு அதே நாளில் விழுந்தது என்று நாம் எண்ணுவதால். உண்மையில் களம் அவ்வளவு அகலமானதல்ல. சந்திர மாதத்தை ஒட்டி நடக்கும் பாலிச் சடங்குகள் நிறைமதியையோ அமாவாசையையோ தேடிப் போகின்றன. நிறைமதிகள் பன்னிரண்டு. அவற்றிலும் சிறப்புப் பெற்றவை என்று முன்னே வந்து நிற்பவை இரண்டு: நான்காம் மாதமாகிய கப்பாட்டின் பூர்ணமா, பத்தாம் மாதமாகிய கடாசாவின் பூர்ணமா. பத்தூர் ஏரிக்கோயிலுக்கும் பெசாக்கிக்கும் கடாசா பெருவிழாக் காலம். வடமேற்கே புலாக்கி உள்ளிட்ட பல கோயில்களுக்குக் கப்பாட் விழா நாள். ஆக, புனிதக் கல் ஒன்றை நீராட்ட ஓர் ஊர் நாள் தேடினால், எந்தப் பழைய நினைவும் இல்லாமலே அது கப்பாட் பூர்ணமாவில் வந்து நிற்கப் பெரிதும் வாய்ப்புண்டு. கல்லை நீராட்டுவதும் மனுகாயாவுக்கே உரிய அரிய வழக்கமல்ல. பழைய செப்பேடுகளையும் முன்னோர் பொருள்களையும் தெய்வத்தின் உடைமையாகக் கொண்டு, விழாக்காலத்தில் வெளியே எடுத்துத் தூய்மை செய்வது தீவு முழுதும் உள்ள வழக்கம்.

அடுத்தது காலக்கணக்கு. வாதத்தின் பலவீனமான கண்ணி இதுதான் என்று கருதுகிறேன். பாலியின் சந்திரமாதக் கணக்கு இடைமாதம் புகுத்தியே பருவத்தோடு ஒத்துப்போகிறது. அந்த இடைமாதத்தை எங்கே புகுத்துவது என்பது கல்லில் எழுதிய விதியல்ல. நம் காலத்திலேயே, 1990களில், இதற்கு ஒரு புதிய முறை கொண்டுவரப்பட்டு, பத்தாண்டுகளுக்குள் கைவிடப்பட்டுப் பழைய முறை மீண்டது. அந்த இடைவெளியில் சில ஆண்டுகள் கப்பாட் எது என்பதே முறையைப் பொறுத்து மாறியது. ஒரே தலைமுறையில் இவ்வளவு அசைவு என்றால், நாற்பது தலைமுறையில் எவ்வளவு என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னும் ஒரு படி. பத்தாம் நூற்றாண்டுப் பாலிக் கல்வெட்டுகள் மாதங்களுக்கு வடமொழிப் பெயர்களையே ஆள்கின்றன. இந்திய விதிப்படி கணித்தால், அக்காலத்துக் கார்த்திக நிறைமதி இன்றைய நாட்காட்டியில் அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையே விழும். இன்றைய கப்பாட் பூர்ணமாவோ செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபரின் மூன்றாம் வாரம் வரையிலான காலத்தில் வருகிறது. சராசரியாக மூன்று வாரம் முந்தி. அக்காலப் பாலிக் கணியர்கள் இந்திய விதியை அப்படியே பின்பற்றினார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. அதை அழுத்திச் சொல்ல மாட்டேன். பெயர் ஒன்றாக இருப்பதால் நாளும் ஒன்றாகிவிடாது என்பது, கார்த்திகை என்ற சொல்லை வேறொரு கணக்கில் ஆளும் தமிழ் வாசகருக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை. ‘அதே நாள்’ என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்பது தீராதவரை ‘அறுபடாத நினைவு’ என்ற சொல்லுக்கும் பொருள் இல்லை.

மனுகாயா மக்கள் ஊற்றைப் பற்றி என்னதான் நினைவு வைத்திருந்தார்கள்? இதற்குத் தெளிவான விடை உண்டு. மாயாதெனாவா என்ற அரக்க அரசன் இந்திரனின் படைக்கு நஞ்சுநீர் தந்தான். இந்திரன் நிலத்தைக் குத்தி உயிர்நீர் வரவழைத்தான். அதுவே தீர்த்த எம்புல். கொல்லப்பட்ட மாயாதெனாவாவின் குருதி பக்கத்துப் பெத்தானு ஆற்றில் கலந்ததால் அதன் நீர் சபிக்கப்பட்டது. அந்நீர் பாய்ந்த வயலில் கதிர் அறுத்தால் குருதி கசிந்தது என்பார்கள். கதையில் வர்மதேவ அரசனுக்கு இடமே இல்லை. அடிக்கல் நாட்டியவனை அடியோடு மறந்துவிட்டு, நாட்டிய நாளை மட்டும் காத்த நினைவு எத்தகையது? சடங்கு காப்பதைக் கதை மறக்கலாம் என்று பதில் சொல்வார்கள். சொல்லலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் எந்தச் சடங்கையும் எந்த நிகழ்ச்சியோடும் கட்டிவிட முடியும். மறுக்கவே வழியில்லாத வாதத்தைச் சான்று என்று அழைக்க இயலாது.

இதே வட்டாரத்தில் மறதிக்குச் சான்று கண்முன்னே இருக்கிறது. சில கல் தொலைவில், பெத்தானு கரையை ஒட்டி, கோவா காஜா குகைக்கோயில் உள்ளது. அதன் முன்முற்றத்தில் இருந்த நீராடு துறை, நீர் சொரியும் பெண் சிற்பங்களோடு, மண்ணுக்குள் புதைந்து கிடந்து 1954இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. குகைக்கோயிலின் வாசலிலேயே ஒரு தீர்த்தம் இருந்ததை ஊர் மறந்திருந்தது. பகெரிசானையும் பெத்தானுவையும் ஒரே பண்பாட்டு நிலமாகக் கொள்பவர்கள், ஒரு துறையில் ஆயிரமாண்டு நினைவையும் பக்கத்துத் துறையில் முழு மறதியையும் ஒருங்கே விளக்கக் கடமைப்பட்டவர்கள். நினைவு நம் தொடக்கக் கருதுகோளாக இருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அதை நிறுவியாக வேண்டும்.

ஜாவாவின் மஜபாகித் அரசு நடத்திய படையெடுப்போடு பழைய பாலி முடிந்துவிட்டது, ஆகவே தொடர்ச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வாதிடுவோர் உண்டு. அது என் கட்சியல்ல. 1343இல் அரசவை மாறியது, ஆறு மாறவில்லை.

கருதத்தக்க தடை ஒன்றே. கியான்யார் சமவெளிக் கோயில்களில் பெரும்பாலானவை 210 நாள் கொண்ட பவுக்கொன் சுற்றில் விழா எடுப்பவை. மனுகாயாக் கல் மட்டும் சந்திர மாதத்தைப் பின்பற்றுவது அவ்வழக்கத்தின் பழமையைக் காட்டவில்லையா? ஓரளவுக்குக் காட்டுகிறது. சந்திரமாத விழாக்கள் மலைச்சாரல் ஊர்களில் மிகுதி. அவற்றில் பல பழைய மரபினவை. மனுகாயா அச்சாரலை நோக்கி ஏறும் வழியில் இருக்கும் ஊர். எனவே சடங்கு பழையதாக இருக்கக்கூடும். பழையது என்பதும் 960இலோ 962இலோ நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியின் நினைவு என்பதும் வேறு வேறு கூற்றுகள். முன்னதற்குச் சான்று காட்டிப் பின்னதைப் பெற்றுக்கொண்டதுதான் இதுவரை நடந்தது.

அப்படியானால் பொருத்தம் வெறும் தற்செயலா? அதையும் நான் ஏற்கவில்லை. அரசனும் ஊராரும் ஒரே பருவத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் தண்ணீர். பாலியில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை மழை. கார்த்திகமோ கப்பாட்டோ, எந்தக் கணக்கில் பார்த்தாலும், பெரும்பாலும் வறட்சியின் கடைசி வாரங்கள். மழையை நம்பிய ஓடைகள் சுருங்கி, ஊற்றுநீர் ஒன்றே கண்ணுக்குத் தெரிந்து ஓடும் காலம் அது. தீர்த்த எம்புலின் உட்குளத்தில் கருமணலைக் கிளப்பிக்கொண்டு நீர் பொங்குவதை எந்தப் பருவத்திலும் காணலாம் என்றாலும், அந்தப் பொங்கலின் மதிப்பு முழுதாகத் தெரிவது அப்போதுதான். குளம் கட்டவும் கரை திருத்தவும் வெள்ளமில்லாத அந்த வாரங்கள்தாம் வசதி. வரப்போகும் நடவுக்கு வாய்க்காலைச் சீர்செய்ய வேண்டியதும் அப்போதே. பத்தாம் நூற்றாண்டு அரசனின் அதிகாரிகளும் இன்றைய ஊர்ப் பெரியவர்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே நிலவைத் தேர்வதற்கு இது போதும்.

பள்ளத்தாக்கில் உண்மையிலேயே தொடர்ந்து வந்தது இந்த நீரமைப்பே. வடக்கே பத்தூர் எரிமலைவாய் ஏரிக்கு வெளியே ஓடும் ஆறு கிடையாது. அதன் நீர் மண்ணுக்கடியில் இறங்கித் தெற்குச் சரிவு முழுதும் ஊற்றுகளாக எழுகிறது என்பது பாலி விவசாயியின் உறுதியான நம்பிக்கை. எரிமலைச் சாம்பல் இறுகிய அச்சரிவின் பாறை உளிக்கு இளகுவது. 896ஆம் ஆண்டைச் சேர்ந்த பெபெத்தின் செப்பேடு சுரங்க வாய்க்கால் தோண்டும் வினைஞரைத் தனித் தொழிலினராகவே குறிக்கிறது. மனுகாயாக் கல்லுக்கு அறுபது ஆண்டுக்கு மேல் முந்திய சான்று இது. நீர்ப்பாசனக் கூட்டமைப்பாகிய சுபாக்கின் பழைய பெயர் 1071இல் பண்டாக் பண்டுங் செப்பேட்டில் வந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் மனுகாயாக் கல்லை வைத்துப் படித்தால், அது ஓர் அரசனின் பக்திச் செயலைப் பதிந்த தனிக் கல்லாக நிற்காது. ஏற்கெனவே மலை குடைந்து நீர் கொண்டுபோகத் தெரிந்த சமூகம் தன் தலைவாய்க்கு அரச முத்திரை பெற்ற செய்தியாகிறது. அதே ஆற்றில் சற்றுக் கீழே, பதினோராம் நூற்றாண்டில், குனுங் காவியின் செங்குத்துப் பாறைகளில் அரச குடும்பத்தாரின் நினைவுக் கோயில்கள் குடையப்பட்டபோது, அவற்றின் காலடியிலும் நீர் ஓட விடப்பட்டது. அவற்றில் எது எவருடையது என்ற பழைய சச்சரவு இங்கே வேண்டாம்.

தீர்த்த எம்புலின் நீர் இன்றும் புலாகான், குலுப் சுபாக்குகளின் படிக்கட்டு வயல்களுக்குப் பாய்கிறது. 2012இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் பகெரிசான் நீர்ப்பிடிப்பு சேர்க்கப்பட்டது இந்த முழு அமைப்புக்காகத்தான். ஆனால் வருவோரிடம் சொல்லப்படும் கதையில் கல்லும் அரசனும் அதிசய நாளும் இருக்கின்றன; புலாகான் இல்லை. நீராடும் துறையின் முன் நீண்ட வரிசை நிற்கிறது. துறையைத் தாண்டிய நீர் எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. ஆய்வாளர்கள் எழுதி வைத்த முடிவுதான் அந்தக் கதைக்கு அதிகாரம் தந்தது. ஆகவே அதைத் திருத்தும் பொறுப்பும் நமக்கே உண்டு. ஒரு நாளின் நினைவு பற்றிய கூற்றை எவரும் வீட்டிலிருந்தே ரசிக்கலாம். ஆண்டுதோறும் வாய்க்கால் தூர் வாரும் ஒரு கூட்டமைப்பின் தொடர்ச்சி, வயல் விற்கப்பட்டு விடுதியானால் அந்த ஆண்டே அறுந்துபோகும். எதைத் தொடர்ச்சி என்று பெயரிடுகிறோமோ அதற்குத்தான் காப்பும் கிடைக்கிறது.

என் வாசிப்பைச் சோதிக்க வழியும் உண்டு. பழம்பாலிச் செப்பேடுகள் மாதம், திதி, மூன்று நாள் சந்தைச் சுற்று ஆகியவற்றைக் குறித்தே நாள் சொல்கின்றன. அவற்றில் பல இன்னும் ஊர்க்கோயில்களிலேயே இருக்கின்றன. அவற்றுக்கும் ஆண்டுச் சடங்குகள் உண்டு. ஏட்டில் உள்ள நாளையும் சடங்கு நாளையும் ஊர் ஊராக ஒப்பிட வேண்டும். மனுகாயாவில் உண்மையிலேயே நாள் நினைவு காக்கப்பட்டிருந்தால், மற்ற ஊர்களிலும் ஏட்டு நாளே சடங்கு நாளாக இருக்கும் நிலை கணிசமாகத் தென்பட வேண்டும். நான் சொல்வது சரியானால், ஏட்டில் எந்த மாதம் எழுதியிருந்தாலும் சடங்குகள் கப்பாட்டிலும் கடாசாவிலும் வந்து குவிந்திருக்கும். அந்த ஒப்பீடு முடியும்வரை மனுகாயாக் கல்லை ஆயிரமாண்டு நினைவுக்குச் சான்றாகக் காட்டுவதை நிறுத்திக்கொள்வதே முறை.