திருவனந்தபுரத்தில் பண்ணைத் தேன் வாங்குகிறீர்களா? தண்ணீர், தீக்குச்சி சோதனைகளை நம்பலாமா?

திருவனந்தபுரம் நகரத்தைத் தாண்டி நெடுமங்காடு, காட்டாக்கடை, வெள்ளறடை பக்கம் போனால் 'நாடன் தேன்' என்று எழுதிய பலகைகளைப் பார்க்கலாம். வீட்டு முன்வாசலில் ஒரு மேசை, அதன் மேல் நாலைந்து பாட்டில்கள். பின்னால் ரப்பர் தோட்டம், தோட்டத்துக்குள் தேனீப் பெட்டிகள். கடை என்றால் அவ்வளவுதான்.

வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது ஒரிஜினல்தானா?" பலர் அதோடு நிற்பதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போய் தீக்குச்சியைத் தேனில் முக்கிப் பற்ற வைப்பார்கள். தேன் தண்ணீரில் கரைந்தாலோ, தீக்குச்சி எரியாவிட்டாலோ, பாட்டிலுக்கு அடியில் சர்க்கரை மாதிரி படிந்தாலோ 'கலப்படம்' என்று முடிவாகிவிடும்.

ஆனால் இந்தப் பகுதியின் அசல் தேன் இந்தச் சோதனைகளில் தோற்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். தொழிற்சாலையில் தயாரான சிரப் கலந்த தேன் எளிதாகப் பாஸ் ஆகிவிடும். ஏன் அப்படி? அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

இந்தத் தேன் எங்கிருந்து வருகிறது?

தேன் என்றாலே பூ ஞாபகத்துக்கு வரும். தெற்குக் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் கிடைக்கும் தேனில் பெரும்பகுதி பூவில் இருந்து வருவதில்லை, ரப்பர் இலையில் இருந்து வருகிறது.

ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும். பிறகு புதுத் தளிர் விடும். அந்தத் தளிரில் மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் எடுக்கின்றன. பூவில் இருந்து வராவிட்டாலும் இது சட்டப்படி தேன்தான். 'பூக்களின் மது அல்லது தாவரங்களின் சுரப்பு' என்று இரண்டையுமே உணவுப் பாதுகாப்பு விதிகள் ஏற்கின்றன.

கேரளத் தேனீ வளர்ப்பாளர்களின் ஆண்டு மூன்று பகுதிகளாகப் பிரிகிறது.

- அக்டோபர் முதல் டிசம்பர் வரை: தேனீக் கூட்டம் பெருகும் காலம்
- ஜனவரி முதல் ஏப்ரல் வரை: தேன் வரத்துக் காலம். அறுவடை இப்போதுதான்
- மே முதல் செப்டம்பர் வரை: பஞ்ச காலம். மழையில் தேனீக்களுக்கு வெளியே உணவு கிடைக்காது

பஞ்ச காலத்தில் கூட்டத்தைக் காப்பாற்ற சர்க்கரைக் கரைசல் வைப்பது வழக்கமான வளர்ப்பு முறை. அதை மோசடி என்று சொல்ல முடியாது. தேன் வரத்துக் காலத்திலும், அறுவடைக்கான மேல் தட்டுகளைப் பொருத்திய பிறகும் சர்க்கரைக் கரைசல் வைத்து, அந்தத் தேனை எடுத்து விற்பதுதான் தவறு.

மூன்று தேனீ, மூன்று தேன்

ஒரே ஊரில் மூன்று வகைத் தேன் மூன்று விலையில் கிடைக்கும். எந்தத் தேனீ என்று தெரியாமல் விலையை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

அடுக்குத் தேனீ: மரப்பெட்டியில் வளர்க்கப்படும் இந்தியத் தேனீ. சிறு பண்ணைகளில் கிடைக்கும் ரப்பர் தேன் பெரும்பாலும் இதனுடையது.

கொசுத்தேனீ: கொட்டாத சின்னத் தேனீ. மூங்கில் குழாய், மண்பானை, சின்னப் பெட்டி என எதிலும் வளரும். மலையாளத்தில் இதன் தேனை 'செறுதேன்' என்பார்கள். ஒரு கூட்டத்தில் இருந்து ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான் கிடைக்கும். விலை பல மடங்கு அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். லேசாகப் புளிக்கும், நீர்த்தும் இருக்கும். அதன் இயல்பே அப்படி.

மலைத்தேனீ: இதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. அகத்தியமலை அடிவாரத்தின் காணி மக்கள் போன்ற பழங்குடியினர் காட்டில் இருந்து எடுப்பது இந்தத் தேன். கேரள வனத்துறையின் 'வனஸ்ரீ' கடைகளில் காட்டுத் தேன் கிடைக்கும்.

மார்த்தாண்டத்தோடு என்ன தொடர்பு?

திருவனந்தபுரத்தில் வாங்கும் தேனுக்கும் அங்கிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் மார்த்தாண்டத்துக்கும் பழைய உறவு. 1956 வரை இரண்டுமே ஒரே நிர்வாகத்தில் இருந்தன.

1920-களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏ-வின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். அங்கு கற்றுத்தரப்பட்ட குடிசைத் தொழில்களில் பெட்டித் தேனீ வளர்ப்பும் ஒன்று. பாதிரியார் நியூட்டன் 1910-களில் இந்தியத் தேனீக்கு ஏற்ற அளவில் வடிவமைத்த பெட்டி இன்றும் தென்னிந்தியாவில் புழங்குகிறது. தேன் வரத்துக் காலத்தில் குமரி மாவட்ட வளர்ப்பாளர்கள் கேரள ரப்பர் தோட்டங்களுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோவது இப்போதும் நடக்கிறது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தத் தொழில் ஒருமுறை கிட்டத்தட்ட அழிந்தே போனது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவி, தென்னிந்தியாவில் வளர்க்கப்பட்ட அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியைக் காலி செய்தது. மிஞ்சிய கூட்டங்களில் இருந்துதான் வளர்ப்பாளர்கள் மறுபடியும் பெட்டிகளைப் பெருக்கினார்கள்.

வீட்டுச் சோதனைகள் ஏன் தோற்கின்றன?

தண்ணீர்ச் சோதனை: 'அசல் தேன் கரையாமல் அடியில் போய் உட்காரும்' என்பார்கள். இந்தச் சோதனை காட்டுவது கெட்டித்தன்மையை மட்டும்தான். கெட்டியான சர்க்கரைப் பாகும் அடியில்தான் உட்காரும். ஈரப்பதம் அதிகமுள்ள அசல் கேரளத் தேன் சீக்கிரம் கரையும்.

தீக்குச்சிச் சோதனை: இதில் தெரிவது ஈரப்பதம் மட்டுமே. தண்ணீர் குறைந்த சிரப்பில் முக்கிய குச்சியும் பற்றிக்கொள்ளும், நீர்த்த அசல் தேனில் முக்கிய குச்சி பற்றாது.

உறைந்தால் போலி என்பது: இது நேர் தலைகீழான நம்பிக்கை. குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் சீக்கிரம் உறையும். ரப்பர் தேன் அந்த ரகம். சில வாரங்களிலேயே அடியில் வெள்ளையாகப் படியலாம். அதைக் கலப்படத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எறும்புச் சோதனை: இதற்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை.

இந்தச் சோதனைகளால் நஷ்டம் யாருக்கு? பெட்டியில் இருந்து எடுத்ததை அப்படியே பாட்டிலில் ஊற்றித் தரும் சிறு விவசாயிக்குத்தான். 'கெட்டியாக இல்லை' என்று இரண்டு பேர் திருப்பிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு அவர் தேனைக் காய்ச்சிக் கெட்டியாக்குவார், இல்லையென்றால் தொழிலையே விட்டுவிடுவார்.

20 சதவீதம் என்ற எண்

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தேனுக்கு வைத்துள்ள ஈரப்பத வரம்பு அதிகபட்சம் 20 சதவீதம். காரணம் எளிது. அதற்கு மேல் போனால் ஈஸ்ட் பெருகித் தேன் புளிக்கத் தொடங்கலாம்.

ஈரமான காற்றுள்ள கேரளத்தில் அடுக்குத் தேனீயின் தேன் இந்த வரம்பைத் தாண்டுவது சகஜம், கொசுத்தேன் இன்னும் அதிகம். 24 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு கிலோ தேனில், வரம்பை விட 40 கிராம் தண்ணீர்தான் கூடுதல். அந்த 40 கிராம் யாரும் ஊற்றிய தண்ணீர் அல்ல, தேனீக்கள் ஆற்றி முடிக்காத ஈரம்.

சர்வதேச கோடெக்ஸ் தரமும் 20 சதவீதம்தான் சொல்கிறது. ஆனால் ஹெதர் என்ற செடியின் தேன் இயல்பாகவே ஈரமானது என்பதால் அதற்கு மட்டும் 23 வரை விலக்கு தருகிறது. செடியும் சூழலும் மாறினால் தேனின் ஈரமும் மாறும் என்பதை அந்தத் தரமே ஒப்புக்கொள்கிறது.

இதற்காக ஈரப்பதத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று அர்த்தமில்லை. மெழுகு மூடாத அடைகளில் இருந்து அவசரப்பட்டு எடுத்த தேனும் நீர்த்துத்தான் இருக்கும். அது சீக்கிரம் கெடும். அதனால் கடையில் அறுவடையைப் பற்றிக் கேட்பது அவசியம்.

பிராண்ட் பாட்டில் பாதுகாப்பானதா?

டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சுருக்கமாக சிஎஸ்இ, 2020 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 பிராண்ட் தேன்கள் சோதிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை இந்திய விதிகளின்படியான சோதனைகளில் தேறின. ஜெர்மனி ஆய்வகம் ஒன்றில் என்எம்ஆர் என்ற சோதனைக்கு அனுப்பியபோது தேறியவை 3 மட்டுமே. நிறுவனங்கள் இந்த முடிவுகளை மறுத்தன.

எப்படி இந்த வித்தியாசம்? கரும்பும் மக்காச்சோளமும் தாவர உலகில் 'சி4' வகை. அவற்றின் சர்க்கரையில் உள்ள கார்பனைப் பிரித்தறிவது எளிது. நெல்லும் பீட்ரூட்டும் 'சி3' வகை. தேனீக்கள் நாடும் செடிகளில் பெரும்பாலானவையும் அதே வகைதான். அதனால் அரிசியில் இருந்து எடுத்த சிரப்பைக் கலந்தால் பழைய சோதனையில் சிக்காது.

ஆய்வகக் கருவியிலேயே தப்பிக்கும் கலப்படத்தை ஒரு டம்ளர் தண்ணீர் எப்படிப் பிடிக்கும்?

அப்போ கடையில் என்ன கேட்பது?

தேனைச் சோதிப்பதை விட, தேன் வந்த வழியை விசாரிப்பது பயன் தரும். சிறு கடையின் பெரிய வசதியே அதுதான். விற்பவரே வளர்ப்பவர், பெட்டியும் பக்கத்திலேயே இருக்கும்.

1. "சேட்டா, இது எப்போ எடுத்த தேன்?" பதில் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் இருந்தால் பொருந்துகிறது. ஆகஸ்ட் மழையில் 'நேற்று எடுத்த ரப்பர் தேன்' என்றால் யோசிக்க வேண்டும். மார்ச்சில் எடுத்து வைத்ததை ஆகஸ்டில் விற்பதில் தப்பில்லை.

2. எந்தத் தேனீ? கொசுத்தேன் என்று சொல்லி லிட்டர் கணக்கில் எடுத்து வைத்தால், எத்தனை கூடு இருக்கிறது என்று கேளுங்கள். பத்துக் கூடு வைத்திருப்பவரிடம் ஐம்பது கிலோ கொசுத்தேன் இருக்க வழியில்லை.

3. அடையில் எவ்வளவு மூடிய பிறகு எடுத்தீர்கள்? அடையின் அறைகளை மெழுகால் மூடுவது தேன் பக்குவமானதற்கு அடையாளம். வளர்ப்பவருக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். வாங்கி விற்பவர் தடுமாறலாம்.

4. சூடாக்கினீர்களா? ஈஸ்டைக் கட்டுப்படுத்தத் தேன் பாத்திரத்தை வெந்நீரில் வைத்து மிதமாகச் சூடாக்கும் வழக்கம் உண்டு. அதை மறைக்காமல் சொல்பவரை நம்பலாம்.

5. பெட்டியைப் பார்க்கலாமா? சீசனில் பெட்டிகள் வேறு தோட்டத்தில் இருக்கலாம். ஆனால் இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது லிட்டரையும் கிலோவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தேன் தண்ணீரை விட கிட்டத்தட்ட 1.4 மடங்கு கனமானது. 750 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய ஒரு கிலோ தேன் இருக்கும்.

லேபிளும் உங்கள் உரிமையும்

தேன் விற்கும் சிறு வியாபாரியும் எஃப்எஸ்எஸ்ஏஐ-யில் பதிவு செய்ய வேண்டும். பாட்டிலில் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2-ல் தொடங்கினால் சிறு வணிகப் பதிவு, 1-ல் தொடங்கினால் உரிமம். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அந்த எண் விற்பவர் யார் என்று காட்டும், உள்ளே இருக்கும் தேனுக்குச் சான்றிதழ் தராது.

சந்தேகம் பலமாக இருந்தால் சட்டத்திலும் வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கலாம். சோதிக்கப் போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் தரமில்லை என்று அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.

சிறு பண்ணைகள் தவிர, கேரள அரசின் ஹார்ட்டிகார்ப் நிறுவனமும் தேன் விற்கிறது. தேனீ பற்றிய அகில இந்திய ஆராய்ச்சித் திட்டத்தின் மையம் ஒன்று நகரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் இயங்குகிறது.

வாங்கிய பிறகு

- ரப்பர் தேன் உறைந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். அடுப்பில் நேரடியாகச் சூடாக்க வேண்டாம்
- கொசுத்தேனை ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது
- ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். நுரைத்து, சாராய வாடை வந்தால் தேன் புளித்துவிட்டது என்று அர்த்தம்
- ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் தரக் கூடாது. நாக்கில் தடவுவதும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகளால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். அசல் தேனும் இதற்கு விதிவிலக்கில்லை

முதல்முறை கால் கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள். அறுவடை மாதத்தைக் கேட்டு பாட்டில் மேல் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பண்ணையில் வாங்கினால், ஒப்பிடுவதற்கு உங்களிடமே ஒரு கணக்கு இருக்கும்.