சம்பளக்காரர்

பார்ட்னரை வேலையை விட்டுத் தூக்கி, அப்புறம் அவரையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடியுமா? பிங்க் ஃப்ளாய்டில் நடந்தது.

ரிச்சர்ட் ரைட். கீபோர்ட் வாசிப்பவர். 1943-ல் பிறந்தவர். லண்டனில் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போன இடத்தில் ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் கிடைத்தார்கள். படிப்பு போயிற்று, பாட்டு வந்தது. மேடையில் அதிகம் ஆடாத, பேசாத ஆசாமி. ஆனால் பிங்க் ஃப்ளாய்ட் என்றதும் காதுக்குள் ஒரு பனிமூட்டம் இறங்குமே, அதில் பெரும்பங்கு இவருடையது.

இத்தாலிய டைரக்டர் அந்தோனியோனியின் படத்துக்காக ஒரு பியானோ மெட்டுப் போட்டார். வேண்டாம் என்று தள்ளிவிட்டார் டைரக்டர். அந்த மெட்டுதான் 1973-ல் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் 'அஸ் அண்ட் தெம்' ஆனது. அதே ஆல்பத்தில் இவருடைய இன்னொரு மெட்டுக்கு, வார்த்தையே இல்லாமல் குரலெடுத்துக் கதறிய பாடகி கிளேர் டோரிக்குக் கிடைத்த கூலி வெறும் 30 பவுண்ட். கோடிக்கணக்கில் விற்ற ஆல்பம்! டோரி 2004-ல் வழக்குப் போட்டார். மறுவருஷம் சமரசமாகி, ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தது.

1979. 'தி வால்' ஆல்பம் தயாராகிறது. தப்பான முதலீடுகளில் குழுவின் பணம் கரைந்திருந்த நேரம். வருஷக் கடைசிக்குள் முடித்தால் கம்பெனி கூடுதல் பங்கு தரும். விடுமுறையை முறித்துக்கொண்டு வா என்றார்கள். ரைட்டுக்கோ கல்யாண வாழ்க்கை உடைந்துகொண்டிருந்தது. வர முடியாது என்றார். ஆல்பத்துக்கு அவர் செய்தது சொற்பம் என்பது வாட்டர்ஸின் புகார். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. "அவர் வெளியேறாவிட்டால் ஆல்பமே வராது" என்று மிரட்டிச் சாதித்தார் வாட்டர்ஸ்.

அடுத்து 1980-81 கச்சேரிகள். மேடையில் 40 அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, கடைசியில் இடித்துத் தள்ள வேண்டும். கீபோர்டுக்கு ஆள்? ரைட்டையே கூப்பிட்டார்கள், சம்பளத்துக்கு. செலவு எகிறி, கச்சேரிகள் நஷ்டம். முதலாளிகள் மூன்று பேரும் கைக்காசைப் போட்டு ஈடுகட்டினார்கள். லாபம் பார்த்த ஒரே ஆள், வேலை போனவர்! காமர்ஸ் வாத்தியார்கள் வகுப்பில் சொல்லலாம்.

1987-ல் திரும்பி வந்ததும் சம்பளத்துக்குத்தான். அதற்குள் வாட்டர்ஸ் போய்விட்டிருந்தார். 2005 ஜூலையில், லைவ் 8 மேடையில், நாலு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். 2008 செப்டம்பரில் புற்றுநோய் ரைட்டைக் கொண்டுபோனது.

2014-ல் 'தி எண்ட்லஸ் ரிவர்' வந்தது. 1993-ல் பதிவாகித் தூங்கிக்கொண்டிருந்த டேப்புகளில் ரைட் வாசித்ததை எடுத்துத் தட்டிக்கொட்டி கில்மோரும் மேசனும் செய்த ஆல்பம். பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது.