நாலுக்கு ஒன்று

தமிழ்நாட்டில் "மிசா" என்றால் இன்றும் எல்லோருக்கும் புரியும். மிசாவில் உள்ளே போனவர் என்பது அரசியல்வாதிக்கு ஒரு பட்டம் மாதிரி. 1976 ஜனவரி 31 அன்று கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டதும் சென்னை மத்திய சிறை நிரம்பிய கதையை அப்பா, சித்தப்பாக்களிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த மிசா கைதிகளுக்காக டெல்லியில் நடந்த ஒரு வழக்கைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த பிறகுதான் நானும் அதைத் தேடிப் படித்தேன். கொஞ்சம் சட்டம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. இரண்டு நாளில் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வந்தது. அரசியல் சட்டத்தின் 14, 21, 22 பிரிவுகளைக் காட்டி யாரும் கோர்ட் படி ஏற முடியாது என்றது அது. இதில் 21 என்பது உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான பிரிவு. மிசாவில் மட்டும் சுமார் 35,000 பேர் அடைக்கப்பட்டதாகப் பின்னால் ஷா கமிஷன் கணக்குச் சொன்னது.

கைதிகள் சும்மா இருக்கவில்லை. மனுப் போட்டார்கள். 9 உயர் நீதிமன்றங்கள், "இந்த மனுக்களை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் உண்டு" என்றன. டெல்லி உயர் நீதிமன்றத்தில் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாருக்காக அவர் மனைவி போட்ட வழக்கில் அப்படித் தீர்ப்புச் சொன்னவர்கள் நீதிபதிகள் ரங்கராஜனும் அகர்வாலும். பலன்? ரங்கராஜன் கௌஹாத்திக்கு மாற்றப்பட்டார். அகர்வால் மறுபடியும் செஷன்ஸ் நீதிபதியாக இறக்கப்பட்டார். 1976இல் மட்டும் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகள் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றப்பட்டார்கள்.

டிரான்ஸ்பர் என்றால் என்னவென்று நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதான அம்மா, புது பாஷை... அதையே தண்டனையாகக் கொடுத்தால்?

அரசு மேல்முறையீடு செய்து விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு என்று இதற்குப் பெயர். ஐந்து நீதிபதிகள்: ஏ.என். ரே, எச்.ஆர். கன்னா, எம்.எச். பேக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட கோர்ட்டில் பரிகாரம் கிடையாதா என்று கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்று அட்டர்னி ஜெனரல் நிரேன் டே பதில் சொன்னார்.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு. நான்கு பேர் அரசுப் பக்கம். கன்னா ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம். உயிரும் சுதந்திரமும் அரசியல் சட்டம் வந்துதான் மனிதனுக்குக் கிடைத்தவை அல்ல, சட்டத்தின் அனுமதி இல்லாமல் அவற்றைப் பறிக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதற்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1973இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டதை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். தீர்ப்புக்கு முன்பே தன் தங்கையிடம், இதனால் எனக்குத் தலைமை நீதிபதி பதவி போகும் என்று சொல்லியிருக்கிறார். அப்படியேதான் நடந்தது. 1977 ஜனவரியில் ரே ஓய்வு பெற்றபோது அடுத்த மூத்தவர் கன்னா. பதவி பேக்குக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அவர் தோற்றார் என்பதுதான். அவர் எழுதியதால் அன்றைக்கு ஒரு கைதிகூட வெளியே வரவில்லை. மற்ற நால்வரும் கெட்டவர்களா என்றால் அதுவும் இல்லை. பகவதி பின்னாளில் பொதுநல வழக்குகளால் ஏழைகளுக்குக் கோர்ட்டின் கதவைத் திறந்தவர். 1976 தீர்ப்புத் தவறு என்று 2011இல் அவரே வருத்தப்பட்டார். நல்லவர்களும் படித்தவர்களும்கூட நெருக்கடியில் வளைந்துவிடுகிறார்கள் என்பதுதான் பயமாக இருக்கிறது.

கன்னாவின் எதிர்த் தீர்ப்பு புத்தகத்தில் இருந்தது. 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளை நிறுத்த முடியாது என்று ஆக்கியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு பழைய தீர்ப்பு தவறு என்று தள்ளியது. அதை எழுதியவர்களில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட், அந்த நால்வரில் ஒருவரின் மகன்! கன்னா இதைப் பார்க்க இல்லை. 2008இலேயே காலமாகிவிட்டார்.

சின்ன அளவில் யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஒருமுறை, வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கை தூக்க, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மட்டும், "என் மறுப்பை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள்" என்றார். சிரித்தார்கள். எழுதினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

வெளியூரில் இருக்கும் நமக்கு, "நமக்கேன் வம்பு, நாம் பிழைக்க வந்தவர்கள்" என்று ஒதுங்குவது சுலபம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லித்தருகிறோம். ஒருவர் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று உங்கள் வீட்டுப் பிள்ளை அடுத்த முறை கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். கன்னா அன்று தோற்றார் என்பதையும், 41 வருஷம் ஆனது என்பதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.