குதிரையினத்துக்கு ஏற்புவலிக் காப்பு எத்துணைக் காலம்?

ஆலங்குடாவை அடக்கிய கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளத்துத் தெருக்களிலும், முன்னாளிற் பொதி சுமந்த கழுதைகளின் வழிவந்தவை உடையவரின்றித் திரிகின்றன. முள்ளோ கம்பியோ குளம்பிலே தைத்துவிட்டால் அவற்றை அச்சுறுத்துவது ஏற்புவலியாகும். வீட்டு விலங்குகளுள் குதிரையினமே இந்நோய்க்கு மிக எளிதில் இரையாவது. தாடை இறுகும், மூன்றாம் இமை விழிமேற் படரும், வால் விறைக்கும், கால்கள் மரக்குதிரையின் கால்களைப்போல அகன்று நிலைகுத்தும். அதன்பின் பிழைப்பன சிலவே.

நோயின் வித்து மண்ணில் உறைவதை 1884-இல் நிக்கொலையர் காட்டினார். 1889-இல் யப்பானிய அறிஞர் கித்தசாத்தோ அக்கிருமியைத் தனித்து வளர்த்தார். அடுத்த ஆண்டு அவரும் பெரிங்கும், நச்சுக்குப் பழக்கப்பட்ட விலங்கின் குருதிநீர் பிறிதோர் உயிரைக் காக்கும் என நிறுவினர். அன்றுமுதல் குதிரையே மருந்துச் சாலையாயிற்று. நச்சைச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் குருதியிலிருந்து மாற்றுமருந்து எடுக்கப்பட்டது. முதலாம் உலகப் போரிற் காயமுற்ற எண்ணிறந்த வீரர் உயிர்தப்பியது குதிரைக் குருதியாலேயே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஆயினும் அது இரவற் காப்பு. இரண்டு மூன்று வாரங்களிற் கரைந்துவிடும். அதனாலேயே போர்க்களத்தில் ஏழு நாளுக்கொருமுறை ஊசியை மீண்டும் ஏற்ற நேர்ந்தது.

இக்குறையைத் தீர்த்தவர் பிரான்சிய மிருக வைத்தியர் கசுத்தோன் றமோன். நச்சுடன் போமலின் சேர்த்து இளஞ்சூட்டில் வைத்தால் அதன் கொடுமை நீங்கும், ஆனால் காப்பளிக்கும் ஆற்றல் நீங்காது என்று அவர் கண்டார். அவரும் தெக்கொம்பேயும் 1925-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் குதிரைகளுக்கு இதனை ஏற்றிப் பயன்கண்டனர். இம்முறை விலங்கின் உடலே தனக்குரிய காப்பை ஆக்கிக்கொண்டது.

அக்காப்பு எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க வைத்தியர் ஆண்டுதோறும் ஊசி வேண்டுமென்பர். ஐரோப்பாவிலோ இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை போதுமென்னும் வழக்கமே பெரிது. அளந்து பார்த்தோரின் முடிவு பின்னையோர் பக்கமே சாய்கிறது. 1970-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு, முறையாக ஊசி பெற்ற குதிரைகளிற் காப்பு பல்லாண்டு நிலைப்பதைக் காட்டிற்று. 2016-இல் வெளியான சுவீடன் ஆய்விலும், அடிப்படை ஊசிகளுக்கு ஈராண்டு கடந்தபின்னும் பெரும்பாலான குதிரைகளின் குருதியிற் போதிய எதிர்ப்பொருள் இருந்தது. ஆண்டு விதி, எனவே, அளவையாற் பிறந்ததன்று, எச்சரிக்கையாற் பிறந்தது. விலையுயர்ந்த பந்தயக் குதிரைக்கு அவ்வெச்சரிக்கை தகும். அதற்கு ஆண்டுதோறும் ஊசியேற்ற ஆளும் உண்டு, பணமும் உண்டு.

உடையவனற்ற கழுதையின் நிலை வேறு. முதலூசிக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப்பின் இரண்டாவது ஊசி வேண்டும். அதற்கே அதனை இருமுறை பிடித்தாக வேண்டும். நெடுந்தீவின் கட்டற்ற குதிரைகளுக்கும் இதே இடர்ப்பாடுதான். ஆண்டுதோறும் பிடிப்பதென்பது நடவாத காரியம். மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றால் வலையும் கயிறும் கொண்ட நாலுபேர் முயன்று பார்க்கலாம்.